முத்து பார்த்த பக்கம்

முத்துவின் தலை மெதுவாகத் திரும்பியது. வாசல் கதவிலிருந்து அலுமாரி வரைக்கும், நடந்து போகும் ஆளைப் பார்ப்பதுபோல.

மர்ளியாவின் கை அதன் முதுகில் அப்படியே நின்றது. முத்துவுக்குக் கண் தெரியாது. கற்பிட்டி மீன் சந்தையில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே, இரண்டு கண்ணிலும் பால் படர்ந்து முட்டி மோதித் திரிந்த பூனைக்குட்டியை, அபாயாவுக்குள் பொத்திக்கொண்டு எத்தாளையில் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். பிள்ளையில்லாத வீட்டில் அது பிள்ளையாகவே வளர்ந்தது. இப்போது கிட்னி பழுதாகி, காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்காமல் அவள் மடியில் கிடந்தது.

வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேர அஸர் தொழுது கொஞ்ச நேரம்தான். அதற்குள் கரண்ட் போய், அறை இருண்டு, கடலோரக் களப்புச் சேற்றின் வாடை ஜன்னல் இடுக்கால் உள்ளே வந்து சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டது.

போன் அடித்தது. முத்துவுக்கு மருந்து எடுக்கப் புத்தளம் போன அவள் புருஷன் றிஸ்மின்.

“ரோட்டுல தண்ணி. பஸ் பாலாவியில நிக்கிது. முத்து எப்பிடி?”

“எதையோ பார்க்குது.”

“குருட்டுப் பூன என்னத்தப் பார்க்கும் மர்ளியா?”

“யாரோ உள்ள வந்து நடக்கிற மாதிரி... தலையத் திருப்பித் திருப்பிப் பார்க்குது.”

“தனிய இருந்து பயந்துட்ட. ஓதிக்கிட்டு இரு. வந்துருவேன்.”

லைன் அறுந்தது.

முத்துவின் தலை அலுமாரியை விட்டு நகர்ந்தது. அறையின் நடுவை நோக்கி நின்றது. காலடிச் சத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து மழைச் சத்தம் மட்டும் மங்கியது, குறுக்கே ஓர் ஆள் நிற்பதுபோல. அவளுக்கும் கதவுக்கும் நடுவில்.

மர்ளியா எழும்பப் பார்த்தாள். தண்ணீர் குடிக்கவும் பலமில்லாத முத்து, நகங்களை அவள் தொடையில் இறக்கியது. அந்தப் பக்கம் போகாதே என்றா, தன்னை விட்டுவிடாதே என்றா, தெரியவில்லை.

அதன் முகம் நிமிர்ந்தது. இன்னும் நிமிர்ந்தது.

இப்போது அவள் தலைக்கு மேலே பார்த்தது.

சேற்று வாடை. அவள் முகத்துக்கு நேரே.

“போயிரு மகன்,” என்றாள் முத்துவின் காதருகில். “பட்ட வலி போதும். உம்மா இங்கதான் இருக்கேன்.”

ஒரு மூச்சு. நீளமாக. பிறகு இன்னொன்று.

பிறகு இல்லை.

விரலால் அதன் கண்களை மூடினாள். ஓதத் தொடங்கினாள். நகங்கள் சதைக்குள் அப்படியே இருந்தன. தன் இரண்டு கைகளையும் அதன் மேலிருந்து எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

முத்துவின் காதுகளுக்கு நடுவே மயிர் அமுங்கியது.

மெல்ல. கழுத்து. முதுகு. வால் வரைக்கும். அமுங்கிய இடமெல்லாம் விரல் விரலாக ஈரம்.

மறுபடியும் தலையிலிருந்து.

செத்துக் கிடந்த முத்துவின் நெஞ்சுக்குள், குர்ர் என்று, சுகமாக, சத்தம் எழும்பியது.