உட்புறம் திரும்பிய பலகை

பலகை திரும்பி நின்றது.

சிவலட்சுமி சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஒழுங்கைப் பாதையில் ஊன்றிக்கொண்டு பார்த்தாள். பதினாறு நாளைக்கு முன் அவளே அலவாங்கால் கிடங்கு தோண்டி நட்ட பலகை அது. சிவப்புத் தகரம், வெள்ளை மண்டையோடு, கீழே மும்மொழியிலும் ‘மிதிவெடி அபாயம்’. போகிறவர் வருகிறவர் கண்ணில் படவேண்டும் என்று ஒழுங்கையைப் பார்க்க நட்டிருந்தாள். இப்போது துருப்பிடித்த முதுகுதான் ஒழுங்கையைப் பார்த்தது. மண்டையோடு புதர்மண்டிய பற்றைக்குள் பார்த்துக்கொண்டு நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். இந்த ஊரில் அவளுக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய்க் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. குனிந்து அடியைப் பார்த்தாள். மண் இறுகிக் கிடந்தது. கம்பத்தைச் சுற்றிப் புல் முளைத்து, முளைத்த புல்லும் காய்ந்து போயிருந்தது. பதினாறு நாளில் இவ்வளவு புல்லா? ஒரு கணம் யோசித்தாள். பிறகு, யாரோ வேலையற்றவர்கள் தன்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஊர் அவளைப் பகிடி பண்ணுவது புதிதல்ல. ஆறாம் வாய்க்கால் மாதர் சங்கத்தின் செயலாளர் அவள். வாய்க்காலோரம் பாலைமரத்தடியில் இருந்த அரை ஏக்கர் பற்றைக்காணியில் ஊரே குப்பை கொட்டியது. பம்பர்ஸ், பழுதான ரிவி, கலியாணவீட்டுச் சாப்பாட்டுத் தாள், எல்லாவற்றுக்கும் மேலே வீரகத்தியின் கோழிக்கடைக் கழிவு. வெயில் ஏற ஏற நாற்றம் கிளம்பி வந்து குசினிக்குள் சோற்றோடு சேர்ந்து கொதிக்கும். மழைக்குத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகி, போன மார்கழியில் அவள் புருஷன் சுதாகரனை டெங்குக் காய்ச்சல் ஒன்பது நாள் ஆசுப்பத்திரியில் கிடத்தியது. ஏழாம் நாள் டொக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரருக்கு அறிவித்து வைக்கச் சொன்னார். ஆள் தப்பியது அருந்தப்பு. இன்னொரு தரம் வந்தால் உடம்பு தாங்காது என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

அந்தப் பயத்தில்தான் அவள் ஓடித்திரிந்தாள். கூட்டம் வைத்தாள், ஏழு பேர் வந்தார்கள். பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினாள், குப்பை அள்ள வரும் என்ற உழவு இயந்திரம் வரவேயில்லை. ‘இங்கே குப்பை கொட்டாதீர்கள்’ என்று மட்டையில் எழுதிக் கட்டினாள், அடுத்த நாள் மட்டையும் குப்பையோடு கிடந்தது.

“எல்லாரும் கொட்டுற இடத்திலதானே தங்கச்சி நானும் கொட்டுறன். நான் ஒராள் நிப்பாட்டினா நாத்தம் போயிடுமே?” என்று வீரகத்தி கேட்டார். அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தபோதுதான் கோழிக்கூட்டின் கதவு கண்ணில் பட்டது.

கூட்டுக்குக் கதவாக அவள் வைத்திருந்தது ஒரு மிதிவெடிப் பலகை. மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் ஐந்து வருஷம் வேலை செய்தவள் அவள். முகமறைப்பும் கனத்த அங்கியும் போட்டு, முழங்காலில் இருந்து, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக மண்ணைக் கிளறிக்கொண்டு போகிற வேலை. இந்தப் பாலையடிக் காணியும் அவள் கிளறியதுதான். காணியைக் கையளித்த அன்று ஊர்ச்சனம் பார்த்து நிற்க, அவளும் மற்றப் பெண்களும் வரிசையாகக் கைகோத்து அதற்குள் நடந்து காட்டினார்கள். அங்கே ஒன்றும் இல்லை என்பது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்?

ஒரு ஞாயிறு விடிய அவளும் சுதாகரனும் காணிக் குப்பை முழுவதையும் அள்ளி எரித்தார்கள். பிறகு கோழிக்கூட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுபோய் நட்டாள்.

“ஐயோ தங்கச்சி, இன்னும் கிடக்காமோ?” வீரகத்தி மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார்.

“ஓம் அண்ணை. திரும்பப் பாக்கப்போகினமாம்.”

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. புருஷனிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

“அது சும்மா பலகை. நீங்கள் பயப்பிடாமல் உள்ளுக்கை போய் வரலாம்.”

“நீ சொன்னாச் சரி” என்று சுதாகரன் சிரித்தான். ஊரில் அவள் சொல்வதைக் கேட்கிற ஒரே ஆள் அவன்தான்.

குப்பை நின்றது. சனம் வாசித்தது, பயந்தது, அது சரி. ஆனால் நாய்களும் வரவில்லை. நாளுக்கு இருபது நாய் குப்பைக்குச் சண்டைபிடித்த இடத்தில் ஒரு நாயின் காலடி இல்லை. காகம் இல்லை. மாடுகள் ஒழுங்கையின் மறுகரையை ஒட்டிக்கொண்டு போயின. நாய்க்கு எழுத்துத் தெரியுமா என்று ஒருநாள் குசினியில் நின்று யோசித்தவள், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக் காணவில்லை. அதற்குப் பிறகுதான் பலகை திரும்பியது.

திரும்பிய மூன்றாம் நாள், பொழுதுபடுகிற நேரம். கடைக்குப் போய் வந்தவளுக்குப் பற்றைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பாலைமரத்துக்குக் கிட்ட, வாய் கட்டிய ஒரு உரப்பை.

“என்ன சனமடா இது!” வாய்விட்டுக் கத்தினாள். வெடி என்று தெரிந்தும் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்! இத்தனை நாள் பொய் சொல்லி, ஊரைப் பயப்படுத்தி, கடைசியில் இதுதானா மிச்சம்? அவிழ்த்தால் ஒரு கடித உறையாவது, கரண்ட் பில்லாவது அகப்படும். இன்றைக்கு ஆளைப் பிடித்து அவர்கள் முற்றத்திலேயே கொட்டுவது என்று நினைத்துக்கொண்டு சுதாகரனுக்குப் போன் எடுத்தாள்.

“இஞ்சாருங்கோ, பாலையடியில நிக்கிறன். ரோச்லைற்றைக் கொண்டு வாங்கோ.”

பலகையைத் தாண்டி உள்ளே போனாள்.

நாற்றமே இல்லை என்பதைப் பத்துப் பதினைந்து அடி போன பிறகுதான் கவனித்தாள். வருஷக்கணக்காகக் கோழிக்குடலும் அழுகலும் ஊறிய அந்த மண்ணில் இருந்து இப்போது வந்தது மேல்மண்ணை ஒரு விரற்கடை கிளறினால் கிளம்புகிற ஈர வாசனை, ஐந்து வருஷம் முகமறைப்புக்குள்ளால் அவள் மூக்குக்குப் பழகிய வாசனை. எங்கேயோ மயில் அகவியது, சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் அகவியது, ஆனால் இரண்டாவது தரம் கேட்டது மயிலுடையது போல இல்லை. காய்ந்த பாலையிலைகள் அவள் காலடியில் நொறுங்கிக்கொண்டே வந்தன. அவள் நின்ற பிறகும் எங்கோ ஒரு இலை நொறுங்கியது.

குனிந்து உரப்பையை அவிழ்த்தாள்.

செருப்புகள். ஆண்களது, பெண்களது, றப்பர், தோல், வார் அறுந்து ஊசிநூலால் தைத்தது. செம்மண் படிந்த செருப்புகள். கிளறிக் கிளறிப் பார்த்தாள். எல்லாம் ஒற்றை. ஒரு சோடிகூட இல்லை.

கையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஓடவேண்டும் போல இருந்தது. திரும்பினாள்.

வந்த பாதையில் தடிகள்.

சிவப்பு நுனித் தடிகள். வரிசையாக, ஒரு கை நீளத்துக்கு ஒன்று. மிதிவெடி வேலையில், பார்த்து முடித்த நிலத்தின் எல்லைக்கு அவள் நடுவாளே, அதேபோல. சற்று முன் அவள் நடந்து வந்த காலடிகளின் மேலேயே நட்டிருந்தது. அந்தத் தடிக்கு அங்காலே இன்னும் பார்க்காத நிலம். அந்தத் தடிக்கு அங்காலே ஒருவரும் கால் வைப்பதில்லை.

தடிகளுக்கு அப்பால் பலகை. மண்டையோடு நேரே அவளைப் பார்த்தது.

எழுத்து எப்போதும் பத்திரமான பக்கத்தைப் பார்க்கவேண்டும். அதுதான் முறை. வாசிக்கிறவன் நிற்கும் பக்கம் பத்திரம், பலகையின் முதுகுப்பக்கம் வெடி. ஒழுங்கை முதுகுப்பக்கம் இருந்தது.

அப்படியென்றால் உள்ளே நின்று இதை வாசிப்பது யார்?

நில். அசையாதே. கூப்பிடு. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மூன்று சொல். நின்றாள். அசையவில்லை. கூப்பிட வாயைத் திறந்தாள்.

“கூப்பிடாதேங்கோ அக்கா.”

இடப்பக்கம். மிகக் கிட்ட. ஒரு பெண்குரல், களைத்த குரல்.

“நாங்களும் கூப்பிட்டனாங்கள். ஒருத்தரும் வரேல்லை.”

கழுத்தை மட்டும் திருப்பினாள். தலையில் மூட்டையோடு ஒருத்தி. பாலைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர். சைக்கிளை உருட்டிய வாக்கில் ஒருவர். அங்காலே இன்னும். அதற்கு அங்காலேயும். பற்றை முழுவதும். புழுதி நிறத்தில். நின்ற நின்ற இடத்தில். எல்லார் காலிலும் ஒற்றைச் செருப்பு. எல்லாரும் பலகையை வாசித்துக்கொண்டு நின்றார்கள்.

மோட்டார்சைக்கிள் சத்தம் வந்து ஒழுங்கையில் நின்றது. ரோச்லைற் வெளிச்சம் பற்றைமேல் விழுந்தது.

“லட்சுமி?”

“வராதேங்கோ!” தொண்டை கிழியக் கத்தினாள். “அங்கையே நில்லுங்கோ! உள்ளுக்கை வராதேங்கோ!”

“ஏன், என்ன?”

“வெடி! வெடி கிடக்கு!”

சுதாகரன் சிரித்தான். ஒன்பது நாள் ஆசுப்பத்திரிக் கட்டிலோரம் இருந்து அவள் மீட்டுக்கொண்டு வந்த சிரிப்பு.

“எனக்குமே அந்தக் கதை? அது சும்மா பலகை எண்டு நீதானே சொன்னனீ.”

“நான் சொல்லுறதைக் கேளுங்கோ! கடவுளே, ஒருக்கால் எண்டாலும் நான் சொல்லுறதைக் கேளுங்கோ!”

“கேட்டுத்தானே வாறன்” என்றான் அவன்.

பலகையைத் தாண்டினான். வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. முதல் தடிக்குக் கிட்ட வந்தான். அவனுக்குத் தடி தெரியவில்லை. அவள் முகம் மட்டும் தெரிந்தது. சிரித்துக்கொண்டே வலக்காலைத் தூக்கினான்.

பற்றைக்குள் நின்ற அத்தனை பேரும், ஒரே நேரத்தில், இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள்.