பிலோமியின் நிழலி பேசாத காலை

காலை டீ முடிந்ததும் மீராசா பிலோமியை எழுப்புவான். எழுப்புவது என்றால் பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் இருக்கும் ஒலிப்பலகையின்மேல் உள்ளங்கையை வைத்தால் போதும். பலகை லேசாகச் சூடேறும். "என்ன மீராசா, இன்னைக்குச் சொல்லு முதல்லயா, மெட்டு முதல்லயா?" என்று அவள் குரல் கேட்கும்.

அநேகமாக அவன் மெட்டைத்தான் கேட்பான். அவள் முனகுவாள், இவன் சொல் போடுவான். வரி மெட்டுக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றால், "அதனால என்ன, அந்த இடத்துல நான் கொஞ்சம் நீட்டிக்கிடுதேன்" என்பாள். மதியத் தொழுகைக்குக் கிளம்புவதற்குள் ஒரு பல்லவியும் பாதிச் சரணமும் தேறிவிடும். மீராசா–பிலோமி பாட்டு என்றால் தூத்துக்குடிக் கடற்சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் கேட்காத காது கிடையாது.

பிலோமி மச்சாதுவும் அதே ஊரில்தான் இருந்தாள். சுவருக்கு வெளியே, கடல் ஏறி வந்த பிறகு தண்ணீர்மேல் கட்டிய மிதவைக் குடியிருப்பில். மிதவை பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரப் பயணம். ஆனால் மீராசா அவளைப் பார்த்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சேர்ந்து பாட்டுக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். இணைச் சட்டம் வந்ததிலிருந்து, இரண்டு பேர் பிரிந்தால் ஒவ்வொருவருக்கும் மற்றவரின் நிழலி கிடைத்துவிடும். சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்த வருடங்களின் ஒலிப்பதிவுகளையெல்லாம் ஊட்டி, அந்த ஆளின் குரலும் ரசனையும் கைப்பழக்கமும் அப்படியே வரும்படி வளர்த்த இயந்திர மனம். அது வந்த பிறகு பிரிவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. முதல் சண்டையிலேயே ஆளுக்கொரு நிழலியை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெயர் மட்டும் சேர்ந்தே இருக்கும், பாட்டும் வந்துகொண்டே இருக்கும்.

சட்டத்தில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. யாருடைய சரக்கை யார் எடுத்தார் என்று பின்னால் வழக்கு வரக்கூடாது என்பதால், நிழலி வாங்கியவர்கள் அது இருக்கும்வரை தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கூடாது. எதுவானாலும் பாட்டை வெளியிடுகிற இசையகத்தின் மூலமாகத்தான். இன்னொன்று, ஆள் போன பிறகு குரலை வைத்துப் பிழைக்கக் கூடாது. நிழலிக்கு மூலமான ஆள், அதாவது மூலர், என்றைக்குக் கண்ணை மூடுகிறாரோ அன்றைக்கே அவருடைய நிழலியும் தானாக மௌனமாகிவிடும்.

அன்று காலை மீராசா பலகையில் கை வைத்தான். சூடேறவில்லை.

கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். மின்சாரம் இருந்தது, விசிறி ஓடியது. பலகை மட்டும் கல்லைப் போலக் குளிர்ந்து கிடந்தது. "பிலோமி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் அந்த அறையில் அவன் கூப்பிட்டுப் பதில் வராமல் இருந்ததே இல்லை.

இசையகத்துக்குப் பேசினான். எடுத்தது ஒரு பெண் பிள்ளை.

"சார், நிழலி மௌனமாயிருக்குன்னு இங்கயும் காட்டுது. பழுது இல்ல சார்."

"பழுது இல்லன்னா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "மூலர் பத்தின தகவல் நாங்க சொல்லக் கூடாது சார். மன்னிச்சுக்கோங்க."

'மன்னிச்சுக்கோங்க' என்று அவள் சொன்ன விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை. துக்க வீட்டு வாசலில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறவர்களின் பேச்சு அது. இன்னா லில்லாஹி என்று, இறப்புச் செய்திக்குச் சொல்லும் வார்த்தையை அவன் வாய் தானாகத் தொடங்கியது. முழுவதும் சொன்னால் உண்மையாகிவிடும்போல் இருந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மிதவை பஸ்ஸில் கூட்டம் இல்லை. சுவரின் மதகு திறந்து பஸ் கடலுக்குள் நழுவியதும் ஓட்டுநர் பாட்டுப் போட்டார். அவர்களுடைய பாட்டுத்தான், பழையது. நிழலிகளுக்கு முந்தியது. 'உப்புக்குள் உறங்கும் நிலா.'

அந்த நிலாவால்தான் எல்லாம் வந்தது. மீராசா எழுதியது 'உப்புக்குள் உறங்கும் வெயில்.' பகலெல்லாம் பாத்தியில் காய்ந்த வெயில்தானே உப்பாகிக் கிடக்கிறது? அவன் அதுவரை எழுதியதிலேயே அவனுக்குப் பிடித்த வரி. பாடல் வெளியான அன்று கேட்டால் வெயில் இருந்த இடத்தில் நிலா. பிலோமி அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிவிட்டாள்.

"'வெயில்'னு நீட்டிப் பாரு. 'ல்'லுல போய் மூச்சு முட்டும். 'நிலா'ன்னா வாய் திறந்தே இருக்கும்" என்றாள் அவள்.

"உப்புல நிலா எங்க தூங்குது? வாய் திறந்திருக்கணும்னா கொட்டாவி விட வேண்டியதுதான?"

அங்கிருந்து வார்த்தை தடித்தது. பாட்டு ஊரையே தூக்கியது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நிலாவுக்காக அவன் கையைக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலும் அவனைக் குத்தியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரும் இசையகத்துக்குப் போய் நிழலிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். கூடத்தில் அவள் அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். அவன் நிற்கவில்லை.

இப்போது பஸ்ஸின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். பாடகி 'நிலா'வில் போய் நின்றாள். குரல் அகன்று விரிந்து தண்ணீரெங்கும் பரவியது. அவள் சொன்னது சரிதான் என்று அவனுக்கு அப்போதே தெரியும். சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடமாக அவள் குரலோடு தினமும் பேசியும் சொன்னதில்லை. அந்தக் குரலிடம் சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றவே இல்லை?

குடியிருப்பின் படித்துறையில் இறங்கி, பலகைப் பாலத்தில் நடந்தான். அவள் வீட்டை விசாரிக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. 'மச்சாது' என்று பலகை மாட்டிய கதவுக்கு வெளியே வாடகை நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. பந்தல் துணி கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட நாலைந்து பேர் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு படகு வந்து நின்றது. நீளமான வெள்ளைப் பெட்டி ஒன்றை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். ஐஸ் பெட்டி.

மீராசா கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெட்டி அவனைக் கடந்து போனது. மச்சாது வீட்டையும் கடந்து போனது. அடுத்த வீட்டு வாசலில் வைத்து மூடியைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து ஒருவர் குச்சி ஐஸை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

"என்ன விசேஷம்?" என்று எண்ணிக்கொண்டிருந்தவரிடம் கேட்டான்.

"எங்க பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம்ணே. கோயிலுக்குப் போயிருக்காவ, இப்ப வந்துருவாவ. இடம் பத்தலன்னு மச்சாதக்கா வாசல்லயும் நாற்காலி போட்டிருக்கோம். உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. கதவைத் தட்டினான்.

திறந்தது பிலோமி. தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்தது. பாதி இளைத்திருந்தாள். கழுத்துக்குக் கீழே, சட்டைக்கு மேலே, புதுத் தழும்பின் நுனி தெரிந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சட்டை உள்பக்கம் வெளியில இருக்கு" என்றாள்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்து அவன் கையில் ஒரு குச்சி ஐஸைக் கொடுத்துவிட்டுப் போனார்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய் அவளே சொன்னாள். இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மருத்துவமனையில் படுத்திருந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"நான் போயிட்டேன்னா உனக்கு யாரு சொல்லுவா? ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. ஒரு நாள் காலைல பலகை பேசாது, அவ்வளவுதான். அது எனக்குச் சகிக்கல, மீராசா. அதான் வீட்டுக்கு வந்ததும் இசையகத்துக்குச் சொல்லி உன்கிட்ட இருக்குற என் நிழலிய நானே நிறுத்திட்டேன். மூலர் நினைச்சா நிறுத்தலாம்னு சட்டத்துலயே இருக்கு. நாம ரெண்டு பேரும் படிக்காம கையெழுத்துப் போட்டோம்."

"அப்ப நான் எப்படிப் பயந்திருப்பேன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"யோசிச்சுமா?"

"செத்த பெறவு வர்றத விட, உயிரோட இருக்கும்போது வந்து ரெண்டு ஏச்சு ஏசுனா நல்லதுன்னு தோணுச்சு. வராம இருந்தா அதையும் தெரிஞ்சிக்கிட்டிருப்பேன்."

அவன் ஏசினான். நிறையவே ஏசினான். மனுஷனைக் கொல்லப் பார்த்தாயே, பாலத்தில் விழுந்திருந்தால் யார் பொறுப்பு, கேட்காமல் செய்கிற புத்தி உனக்கு இன்னும் போகவில்லையே என்று. அவளும் விடவில்லை. ஒன்பது வருடமாகப் பக்கத்தில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்காதவன் பேச வந்துவிட்டானா என்றாள். ஏறிய குரல் இருவருக்கும் ஒரே நேரத்தில் தணிந்தது. பிலோமிதான் முதலில் சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நிலா சரிதான்" என்றான் மீராசா. "அன்னைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும், கேட்டிருக்கணும்னு. கூடத்துல சொல்ல வந்தேன். நீதான் ஓடிட்ட."

மூலையில் இன்னொரு ஒலிப்பலகை இருந்தது. மீராசா அதைப் பார்ப்பதைக் கவனித்து, "உன்னையே கேட்டுப் பாக்கணுமா?" என்று கையை அதன்மேல் வைத்தாள்.

"வா பிலோமி" என்றது அவனுடைய குரல். இப்போதைய குரல் இல்லை, நாற்பது வயதுக் குரல். தெளிவாக, உற்சாகமாக இருந்தது.

"கடலப் பத்தி ஒரு வரி குடு" என்றாள்.

நிழலி கொடுத்தது. நல்ல வரிதான். "கடல் வேண்டாம், குடைன்னு மாத்து" என்றாள். "குடை இன்னும் அழகா இருக்கு" என்றது. "குடையும் வேண்டாம், பூனை." "பூனைதான் சரி, பிலோமி. உனக்கு எது பிடிக்குதோ அதுவே இருக்கட்டும்."

மீராசா பலகைப் பக்கம் குனிந்தான். "நானா இது?"

"ஒன்பது வருஷமா இதுகூடத்தான் குடும்பம் நடத்துதேன். ஒரு தடவையாவது 'முடியாது'ன்னு சொல்லாதான்னு எவ்வளவோ சீண்டிப் பாத்துட்டேன். இசையகத்துல கேட்டேன். பதிவுகளச் சுத்தம் பண்ணும்போது பாட்டுக்கு உதவாததையெல்லாம் எடுத்துட்டோம்னாங்க."

"உதவாததுன்னா?"

"நம்ம சண்டை."

அவன் தன் அறையில் கேட்ட குரலை நினைத்துக்கொண்டான். கொஞ்சம் நீட்டிக்கிடுதேன், கொஞ்சம் நீட்டிக்கிடுதேன். ஒன்பது வருடத்தில் அவன் எழுதிய எந்த வரியையும் அவள் திருப்பித் தரவே இல்லை. தான் தேர்ந்துவிட்டோம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான்? அந்தப் பாட்டுகளில் எத்தனை இப்போது நினைவுக்கு வருகிறது என்று மனதுக்குள் தேடிப் பார்த்தான். பிறகு தேடுவதை நிறுத்திக்கொண்டான்.

"இத எப்படி நிறுத்தணும்?"

"நீதான் மூலர். பலகை இங்கயே இருக்கு, கையை வச்சு வேண்டாம்னு சொன்னா போதும். ஆனா யோசிச்சுக்கோ. நிறுத்தினா திரும்ப வராது. நாளைக்கு நான் நோயில படுத்துட்டா உனக்கு மெட்டு இல்ல. நீ படுத்துட்டா எனக்குச் சொல்லு இல்ல. பாட்டு அதோட நிக்கும்."

"நிக்கட்டும்."

பலகையில் கை வைத்து வேண்டாம் என்றான். நாற்பது வயதுக் குரல் "சரி, உங்க விருப்பம்" என்று சொல்லிவிட்டு அடங்கியது. அறையில் விசிறியின் சத்தமும் வெளியே ஞானஸ்நானக் கூட்டம் திரும்பி வந்த ஆரவாரமும் மட்டும் கேட்டன.

"மெட்டு ஏதாவது வச்சிருக்கியா?" என்றான்.

"ஒண்ணு இருக்கு. ஆஸ்பத்திரில வந்தது. ஆனா பழைய மாதிரி இழுக்க முடியல."

அவள் முனகினாள். குரல் கரகரத்தது. நிழலி ஒரே மூச்சில் தாண்டிப் போகிற தூரத்தில் இவள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு எடுத்தாள். நிற்கிற இடங்களில் மெட்டு லேசாகக் கீழே சரிந்து, பிறகு எழுந்து நடந்தது. இந்த வளைவை அவன் கேட்டதே இல்லை. இந்தப் பிலோமியை அவன் அறிய மாட்டான். இவள் மூச்சு எடுக்கிற இடத்தில் சொல்லும் நிற்க வேண்டும் என்று மட்டும் புரிந்தது. நீளச் சொற்கள் ஆகாது.

"மறுபடி" என்றான்.

அவள் மறுபடி முனகினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். சின்னச் சின்னச் சொற்களாகக் கோத்து ஒரு வரியை மெதுவாக அவளுக்குப் பாடிக் காட்டினான்.

பிலோமி தலையைச் சாய்த்துக் கேட்டாள். உதட்டைச் சுழித்தாள்.

"நல்லா இல்ல" என்றாள்.

மீராசா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"எந்த இடம்?" என்றான். "காட்டு."