இரண்டு தட்டு

முனீஸ்வரியின் கைகள் இரண்டும் ஏலக்காய்க்குள் கிடந்தபோது, ரேடியோவில் 'டக் டக்' என்று இரண்டு தட்டு விழுந்தது. அவள் தட்டவில்லை.

சுளகில் விரல்கள் அப்படியே நின்றன. மடியிலிருந்த கைரேடியோவைக் குனிந்து பார்த்தாள். ஒரு நொடிக்கு முன்தான் வானத்திலிருந்து சுருளிவேலின் குரல் வந்திருந்தது: "ராசிங்காபுரம், குரங்கணிக்குக் கெழக்க, நாலாயிரத்து ஐநூறு அடி. எல்லாம் நல்லாருக்கு முனீஸ்." அவள் முழங்கையால் பட்டனை அழுத்துவதற்குள் வேறு யாரோ அழுத்திவிட்டார்கள்.

"என்னடி முழிக்கிற?" எதிரே உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த அய்யம்மாள் சிரித்தாள். "அவன் அங்கருந்து கொஞ்சுறான், நீ ரெண்டு தட்டுல சோலிய முடிச்சுப்புடுற. எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு. எம்புருசன் கத்தும்போது தட்டிக்கிறேன்."

"நான் தட்டல மதினி."

"பெறகு காத்தா தட்டுச்சு?"

முனீஸ்வரியின் புருசன் சுருளிவேல் ஜீப்பு மெக்கானிக். பட்டறைக்குப் பின்னால் மூன்று வருடம் அலுமினியக் குழாயையும் துணியையும் கோத்து, ஒற்றை ஆள் உட்காரும் விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டியிருந்தான். நாற்பது மணி நேரம் சோதனையாகப் பறந்து காட்டினால்தான் முழு அனுமதி. இன்று நாற்பதாவது மணி. படித்துத் தேறிய விதிகளை, ஓடுதளத்தை ஒட்டிய இந்தக் கொட்டகையின் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தான். மேகத்துக்குள் போகாதே. பொழுது சாயுமுன் இறங்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இடத்தையும் உயரத்தையும் சொல். கீழே இருப்பவர் கேட்ட உயரத்தை வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில், கடல்மட்டத்திலிருந்து இந்த ராசிங்காபுரத்துத் தரையின் உயரம்: ஆயிரத்து இருநூறு அடி.

திருப்பிச் சொல்வதை விட்டவள் முனீஸ்வரிதான். இருட்டுமுன் மூட்டையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். ரேடியோவைத் தூக்கித் தூக்கிப் பேசினால் காய் நகராது. "கேட்டேன்னா ரெண்டு தட்டு. போதாதா?" என்றாள். அவனும் சரியென்றான். முப்பத்தொன்பது மணி நேரம் அந்த இரண்டு தட்டை நம்பியே பறந்தான்.

பச்சைக் காயின் காரமான வாசனை கொட்டகை முழுக்கக் கனத்துக் கிடந்தது. மேற்கே குரங்கணி மலை இருந்த இடத்தில் மலை இல்லை. ஈரத்துணியைப் போல மேகம் அடிவாரம் வரை தொங்கியது, தோட்டங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே சத்தமில்லாமல் இறங்கி வந்தது. அதற்குள் எங்கோ, தகர டப்பாவில் மாட்டிய வண்டுபோல, விமானத்தின் இரைச்சல்.

"முனீஸ், சுத்தி அடைச்சிருச்சு. உம்பக்கம் தரை வரைக்கும் தெளிவா இருக்கா? இருந்தா ரெண்டு தட்டு. இறங்கி வந்துர்றேன்."

ரேடியோவை இரண்டு கையாலும் அள்ளினாள். ஏலக்காய் சிதறியது. "வராத! மூடிக் கெடக்கு! மேலயே தேவாரம் ஊர்ப்பக்கம் போயிரு!"

கிரீச்சென்று ஒரு சத்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் யார் பேச்சும் போய்ச்சேராது, அந்தக் கிரீச்சல்தான் மிஞ்சும். அவளோடு சேர்ந்து யாரோ அழுத்தியிருந்தார்கள்.

"தட்டு கேட்டுச்சு முனீஸ். இறங்குறேன்."

மறுபடியும் கத்தினாள். மறுபடியும் கிரீச்சல். இரைச்சல் தேய்ந்தது. நின்றது.

அய்யம்மாளின் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஆத்தா, இங்கயே இரு. ரேடியோவ விட்டுறாத. நான் பட்டறையில நிக்கிற தங்கபாண்டியன் ஜீப்ப எடுத்துக்கிட்டு வெரசா மேல போறேன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

வெளிச்சம் வடிந்தது. ஆறரைக்கு அவன் பெட்ரோல் தீர்ந்திருக்கும். ஏழாயிற்று. மேகம் ஓடுதளத்தைத் தாண்டிக் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றது. முனீஸ்வரி ரேடியோவை நெஞ்சோடு அணைத்து, வாய்க்குள்ளேயே உயரங்களைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். சொல்லாமல் விட்ட அத்தனையையும்.

கைபேசி அடித்தது. அய்யம்மாள். மூச்சிரைப்பு. பின்னால் ஆட்களின் சத்தம்.

"முனீஸு… காப்பித் தோட்டத்துல கெடக்கான்டி. இஞ்சின் நெஞ்சு மேல கெடக்கு. நான்தான் கண்ண மூடிவிட்டேன்."

அவளுக்கு அழத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த நேரத்தில் மடியிலிருந்து குரல் வந்தது. பதற்றமில்லாத, பழகிய குரல்.

"ராசிங்காபுரம், ஆயிரத்து ஐநூறு அடி. எல்லாம் நல்லாருக்கு முனீஸ்."

டக் டக்.

கைபேசி கீழே விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். வெறும் மேகம். காதில் எந்த இரைச்சலும் இல்லை.

"ஆயிரத்து இருநூறு அடி."

டக் டக்.

மேகத்துக்குள் ஓடுதளம் இருந்த திசையைப் பார்த்தாள். எதுவும் இறங்கவில்லை. வாசலோரச் சோளத்தட்டை கூட அசையவில்லை.

"ஆயிரத்து நூறு."

சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு எழுத்து. தரை ஆயிரத்து இருநூறு.

"ஆயிரம். இங்க ரொம்ப இருட்டா இருக்கு முனீஸ்."

ரேடியோவின் முதுகைப் பிய்த்து பேட்டரியை உருவினாள். நகம் பெயர்ந்தது. பேட்டரியை வாசலுக்கு வெளியே எறிந்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

அமைதி.

பிறகு சுளகில் ஒரு காய் நகர்ந்தது. இன்னொன்று. எல்லாம் மெல்ல நடுங்கத் தொடங்கின. உள்ளங்காலில் அதிர்வு. தகர டப்பாவில் மாட்டிய வண்டு. கீழே. சிமெண்டுக்குக் கீழே.

"உனக்கு நேர் கீழ வந்துட்டேன்." செத்த ரேடியோவிலிருந்து. "மேல ஏறி வரட்டா? வரலாம்னா ரெண்டு தட்டு."

முனீஸ்வரி கைகளைத் தூக்கினாள். முழங்கைகளைத் தூக்கினாள். எதையும் தொடவில்லை. மூச்சைக்கூட விடவில்லை.

அவள் பாதத்துக்கு அடியில், தரையில், டக் டக்.

சுளகின் ஒரு ஓரம் மெதுவாக உயர்ந்தது. காய்கள் ஒவ்வொன்றாக உருண்டன, அவள் மடியை நோக்கி.