வேலி தாண்டிய கறை

சக்கரம் வைத்த பெட்டியில் தம்பியை உட்காரவைத்து வீட்டுக்குள் வண்டி ஓட்டியது நான்தான். பீரோ குறுக்கே வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. அந்த பீரோ நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதே இடத்தில்தான் நிற்கிறது.

தம்பியின் மேல்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கறை. தெருமுனை கிளினிக் டாக்டர் கையை மடக்கி, நீட்டிப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "எக்கிமோசிஸ்னு எழுதிக்கோங்கம்மா" என்றார்.

இவ்வளவு பெரிய பெயர் சின்ன வியாதிக்கு இருக்குமா?

"அம்மா, அப்படின்னா என்ன?"

"ஒண்ணுமில்ல. பேசாம வா."

அப்பாவும் ஒண்ணுமில்ல என்றார். ஒருவர் சொன்னால் நம்பலாம். இரண்டு பேரும் சொன்னால் நிச்சயம் ஏதோ இருக்கிறது.

கறையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன்.

"எதுக்குக்கா இது?"

"வேலி. அது தாண்டக் கூடாது."

காலையில் தாண்டியிருந்தது. கீழே புது வேலி போட்டேன். அதையும் தாண்டி, முழங்கையை நோக்கி இறங்கியது. ஒருநாள் அதன் ஓரமெல்லாம் பச்சையாகிவிட்டது.

"நான் டைனோசர் ஆகப்போறேனாக்கா?" தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

என் கலர் பென்சில் டப்பாவை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

அவன் சந்தேகமாகப் பார்த்தான். "நீ ஏன் இவ்ளோ நல்லவளா ஆயிட்டே?"

இதற்குமேல் தாங்காது. பள்ளி விட்டதும் அவனை இழுத்துக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்கே போய்விட்டேன்.

"யாரு இந்தக் கோடெல்லாம் போட்டது?" என்றார் டாக்டர்.

"நான்தான். அது நடக்குது டாக்டர்."

"பரவாயில்லையே. நாங்களும் சிலதுக்கு இப்படித்தான் கோடு போட்டுப் பாப்போம்."

"சுத்தி வளைக்காதீங்க டாக்டர். எக்கிமோசிஸ்னா என்ன? தம்பி பொழைப்பானா?"

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பொழைப்பான். அடிபட்டா தோலுக்கடியில ரத்தம் கசிஞ்சு பரவும். நீங்க ரத்தக்கட்டுன்னு சொல்வீங்க. எந்த ஊரு டாக்டர் படிச்சாலும் புரியணும்னு நாங்க எக்கிமோசிஸ்னு எழுதறோம். கொஞ்சம் கீழ இறங்கும், பச்சையாகும், மஞ்சளாகும், அப்புறம் போயிடும்."

தம்பியின் முகம் வாடிவிட்டது.

நான் மெல்லக் கேட்டேன். "அப்போ, இது என்னால வரலையா?"

"உன்னாலதான் வந்துச்சு" என்றார் டாக்டர். "ஆனா சரியாயிடும்."