முப்பது நாள் அவகாசம்

திங்கட்கிழமை வேலை முடிந்து நிஜின் வீட்டுக்கு வந்தபோது சோற்றுப்பானை காலியாக இருந்தது.

காலையில் அவனே இரண்டு பேருக்குச் சோறு வடித்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறியைச் சூடாக்கி மூடிவைத்துவிட்டுத்தான் பாறசாலை மருந்துக்கடைக்குப் போயிருந்தான். நான்கு மாதமாக அம்மாவின் பங்கு அப்படியே திரும்பி வரும். வெள்ளறடையில் அவர்கள் வீட்டுக் கோழிகள்போலக் கொழுத்த கோழிகள் வேறெங்கும் கிடையாது. அன்றைக்குப் பானையின் அடியில் ஒட்டிய பருக்கைகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று நிஜினுக்குத் தோன்றியது. பன்னிரண்டு மணிநேரம் நின்ற கால்கள் வலித்ததால், அதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டான்.

மறுநாளும் பானை காலி. அதற்கு மறுநாளும்.

வியாழக்கிழமை காலை அம்மாவின் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தான். மெஷின் அறுபத்தொன்று காட்டியது. பானை நிறையச் சோறு தின்னும் சர்க்கரை நோயாளிக்கு வரக்கூடாத அளவுக்குக் குறைந்த எண் அது. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. அதற்குள் இன்னொரு கையையும் நுழைக்கலாம்.

அண்ணன் சிஜு மாநில எல்லையிலுள்ள பனச்சமூட்டில் பைக்கிலிருந்து விழுந்து இறந்ததிலிருந்து அம்மா சுகுமாரிக்கு ஒரே வேலைதான். மதியம் போனை எடுத்து அவனுடைய சாட் கணக்குக்கு, "சாப்பிட்டியா மக்கா?" என்று எழுதுவாள். பதில் வந்த பிறகு சாப்பிடலாம் என்று காத்திருப்பாள். பதில் வராது, அவளும் சாப்பிட மாட்டாள். இப்படியே போனால் ஒருநாள் காலையில் எழுந்திருக்க மாட்டாள் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். கணக்கு இல்லாவிட்டால் கேள்வி இருக்காது, கேள்வி இல்லாவிட்டால் சாப்பிடுவாள் என்று நிஜின் முடிவு செய்தான்.

செத்தவரின் கணக்கை அழிக்கக் கம்பெனி இறப்புச் சான்றிதழ் கேட்டது. சிஜு விழுந்தபோது தலை தமிழ்நாட்டில் இருந்தது, கால் கேரளத்தில் இருந்தது. சான்றிதழ் யார் தருவது என்று இரண்டு பக்கத்து ஆபீஸும் இன்னமும் மரியாதையாக ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருந்தன. உயிரோடிருப்பவன் அழிப்பதற்குப் பாஸ்வேர்டு போதும். அது பைக்கின் நம்பர். ஆகவே நிஜின் ஐந்து நிமிடம் சிஜுவாக இருந்தான்.

ஏன் போகிறீர்கள் என்று திரை கேட்டது. நேரம் வீணாகிறது, தொல்லை அதிகம் என்றெல்லாம் காரணங்கள் இருந்தன. செத்துவிட்டேன் என்று ஒரு காரணம் இல்லை. கடைசியில் இரண்டு வரிகள்: நிரந்தரமாகப் போகிறேன், போய்விட்டுத் திரும்பி வருவேன்.

முதல் வரியின்மேல் அவன் விரல் நின்றது. அந்த வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லி வாசல் தாண்டியதில்லை. தீப்பெட்டி வாங்கப் போனாலும் 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். மறந்தால் அம்மா திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, மறுபடி சொல்லச்சொல்லித்தான் அனுப்புவாள். சிஜு அன்றைக்கு ஒன்றுமே சொல்லாமல் பைக்கை எடுத்தான். அவன் சொல்லாமல் விட்டதை அவனுக்காகச் சொல்வதுபோல நிஜின் இரண்டாவது வரியைத் தொட்டான். முப்பது நாள் அவகாசம், அதற்குள் திரும்பி வராவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லி, திரை நன்றி தெரிவித்தது.

முப்பதாம் நாள், பானை முதலில் காலியானதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. அம்மாவின் போனிலிருந்து சிஜுவின் பெயர் போனது, படம் போனது. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் இரண்டு தோளும் வந்தன. கண் இல்லை, மூக்கு இல்லை, மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

"எலே, இவனுக்க மொகத்த எங்க கொண்டு போட்ட?" என்று அம்மா கேட்டாள்.

நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

வெள்ளிக்கிழமை பனச்சமூட்டில் மொபைல் கடை வைத்திருக்கும் கூட்டாளி அஸ்வந்திடம் போய், அழித்த பிறகு ஏதாவது மிச்சம் இருக்குமா என்று கேட்டான். அஸ்வந்த் ஒரு போனின் முதுகைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"நீ அழிச்சது அவனுக்க பக்கத்த ஆக்கும். அம்மைக்க பக்கம் அப்பிடியே கெடக்கும். பேரு போவும், படம் போவும். பேசுனது போவாது."

"அதுலேருந்து பதில் வருமா?"

"செத்தவனா, அழிச்சவனா?"

"ரெண்டும்."

"ரெண்டும் சேந்தவன் பதில் போட்டா எனக்கும் சொல்லு. எனக்க தாத்தனுக்கிட்ட ஒரு காரியம் கேக்க உண்டு."

நிஜின் சிரிக்கவில்லை. அஸ்வந்தும் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை அம்மா குளிக்கும்போது அவள் போனைத் திறந்தான். நான்கு மாதக் கேள்விகள், ஒரே வரி, ஒரே நேரம். ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்குக் கீழே முதல் தடவையாகப் பதில் இருந்தது.

"இல்லம்மா. பசிக்கி."

திங்கள்: "வாறேன்."

செவ்வாய்: "இன்னும் உண்டா?"

புதனும் அதுதான். வியாழன், வெள்ளியும் அதுதான்.

எவனோ விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனைத் தன் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனான். கேள்வி போகாவிட்டால் பதில் வராது. சாதாரணக் கணக்கு. இருமல் மருந்தும் காய்ச்சல் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தபடி மதியம்வரை அதை நம்பினான். ஒரு மணிக்குப் பைக்குள் போன் அதிர்ந்தது. சாம்பல் தலை. ஒரே ஒரு சொல்.

"வந்தாச்சு."

ஆட்டோ பிடித்தான். ரப்பர் தோட்டங்களின்மேல் மழை பெய்துகொண்டிருந்தது, மதியத்தையே சாயங்காலமாக்கும் மழை; வீட்டு முற்றத்தில் இறங்கியபோது கொடியில் தொங்கும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை வழக்கம்போல முகத்தில் அடித்தது, ஆனால் அதற்கு அடியில் வேறொரு மணமும் இருந்தது, ராத்திரி முழுக்கச் செருகிக்கிடந்த சார்ஜரைக் கையில் எடுத்தால் வருமே, அந்தச் சூடான பிளாஸ்டிக் மணம். முன்கதவு திறந்திருந்தது. கரண்ட் இல்லை. கோழிகள் மழையில் நனைந்துகொண்டு முற்றத்தின் கடைசி மூலையில் நின்றன, ஒன்றுகூடக் கூரைக்குக் கீழே வரவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. தாழ்ந்த, கொஞ்சும் குரல். நான்கு மாதமாகக் கேட்காத குரல். நடுவில் ஸ்டீல் தட்டில் விரல் உரசும் சத்தம்.

"கொஞ்சம் வாயத் தெற மக்கா."

தட்டு மறுபடியும் உரசியது.

நிஜின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நான்கு அடி. மூன்று. மணம் கூடியது. காதுக்குள் மெல்லிய இரைச்சல். இரண்டு. கதவு பாதி சாத்தியிருந்தது. இடுக்கில் கண் வைத்தான்.

அம்மா தரையில் சம்மணமிட்டிருந்தாள். எதிரே அது இருந்தது. ஒரு தலை. இரண்டு தோள். மார்பு வரைக்கும். அதற்குக் கீழே தரை தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழவில்லை. சாம்பல். ஒரே சாம்பல்.

அம்மா சோற்றை உருட்டி அந்த வழுவழுப்பில் வாயைத் தேடினாள். மேலே தடவினாள். கீழே தடவினாள். பிறகு பொறுமையாக அழுத்தினாள். உருண்டை உள்ளே போனது. விரல்கள் போயின. மணிக்கட்டு போனது. முழங்கைவரை போனது.

கை வெளியே வந்தது. சாம்பல் நிறமாக. வழுவழுப்பாக. நுனியில் நகம் இல்லை, விரல் இல்லை.

அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சலித்துக்கொள்ளாமல் தட்டை மறுபக்கம் நகர்த்திவைத்து, அடுத்த உருண்டையை இடது கையால் பிசையத் தொடங்கினாள்.