மேகம்பிளந்தானின் ஜோடி

அச்சான மூன்றாவது தாளில் கோமாளியின் முழங்கையை ஒரு பெண்ணின் கை பற்றியிருந்தது. வெஸ்பசியானோ அப்படி எதையும் செப்புத் தகட்டில் கீறவில்லை. சந்தை மேடையில் வீறாப்புப் பேசும் மேகம்பிளந்தான் என்ற கோமாளித் தளபதியை, நீள மூக்கு முகமூடியோடு, தனியாகத்தான் வரைந்திருந்தான்.

"என்னய்யா அதையே முறைக்கிற?" அச்சு உருளையைச் சுற்றிக்கொண்டே கேட்டாள் மனைவி ஒர்தென்சியா. "நேத்து அவன் வாளை உருவினான் பாரு, வெறும் பிடிதான் கையில வந்துச்சு! போலோன்யா ஊரே சிரிச்சுது."

"நேத்தும் போனியா?"

"போனா என்னவாம்? உனக்குச் சிரிக்கத் தெரிஞ்சா நான் ஏன் அங்க போறேன்?"

ஈரத்தாள்களை உலர்த்தப் பின்னறைக்குப் போனாள். தளபதி வேடம் கட்டும் அந்த பிராந்திமார்த்தேயை நினைத்தாலே அவனுக்குப் பத்து நாளாக ரொட்டி இறங்குவதில்லை.

நான்காவது தாளை அவனே எடுத்தான். பட்டப்பகலிலும் மூடுபனி சன்னலை அடைத்திருக்க, ஆளிவிதை எண்ணெயின் வாடையும் அமிலத்தின் காரமும் தொண்டையை அறுக்க, பின்னறையில் தாள்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை பட்டுப்பாவாடையின் சரசரப்பாகக் கேட்க, அவன் தகட்டிலிருந்து தாளை உரித்தான். வலப்பக்கம் தளபதி. இடப்பக்கம் அந்தக் கைக்குரியவள், முழுதாக. கழுத்து மச்சம் ஒர்தென்சியாவுடையது.

பின்னறையில் அவள் சிரித்தாள். கூடவே ஓர் ஆண் சிரிப்பு. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

"யாருடி உள்ள?"

"யாருமில்லய்யா. இந்தப் படம்தான் சிரிப்பு மூட்டுது."

சுரண்டும் கத்தியை எடுத்தான். மை அப்பிய தகட்டில் உருவம் எதுவும் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. தாளில் பார்த்த இடம் கண்ணிலேயே நின்றது. வலப்பக்கம். மேலே. முகம். தளபதியின் அந்த முகம்தான் அழிய வேண்டும்.

சுரண்டினான். செம்பு கிரீச்சிட்டது. இன்னும் சுரண்டினான். வழவழப்பாகும்வரை தேய்த்தான்.

ஒரு சிரிப்பு நின்றது.

ஆணின் சிரிப்பு நிற்கவில்லை.

தாளைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். தாளில் வலது, தகட்டில் இடது; அச்சில் எல்லாம் கண்ணாடியில்போலத் திரும்பும். இருபது வருடத் தொழில். ஆத்திரத்தில் மறந்துபோனது.

"ஒர்தென்சியா?"



தொங்கும் தாள்கள் விலகின. அவள்தான். மை படிந்த கைகளை வழக்கம்போல இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். கழுத்துப்பட்டை. மச்சம். அதற்கு மேலே மோவாயிலிருந்து நெற்றிவரை ஒன்றுமில்லை. தேய்த்த வெறுமை. குறுக்கே மெல்லிய கத்திக் கீறல்கள்.

உள்ளே அந்த ஆண் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அவள் கணவனின் குரல் வந்த பக்கம் அந்த வழவழப்பைத் திருப்பினாள்.