சூசையின் அறுநூறு கிராம்

காலை ஏழு மணிக்கு வெந்நீர்த் தொட்டிகளைத் திறப்பதில்தான் காந்தச்சாலையின் நாள் தொடங்கும். முந்திய மாலை ஊறப்போட்ட மோட்டார்களின் கடற்பாசிப் பசை அதற்குள் இளகியிருக்கும். மூங்கில் இடுக்கியால் லேசாக நெம்பினால் போதும், ஊறிய புளியிலிருந்து கொட்டை கழல்வதுபோலக் காந்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். நீராவியும் பாசி வாடையும் கலந்த அந்த மங்கலில் நிற்கும்போது, தான் விழித்திருக்கிறோமா உறங்குகிறோமா என்று ஸ்டெல்லாவுக்குச் சில நாள் சந்தேகமே வந்துவிடும்.

இப்படி வெந்நீரில் பிரிந்து வரும் இந்த அவிழ்மோட்டாரை வடிவமைத்தவள் அவள்தான். காந்தம் செய்யக் கனிமம் தரும் கரையோரத்துக் கறுப்பு மணலை இனி ஒரு பிடிகூட அள்ளக் கூடாது என்று கடலோர ஊர்களெல்லாம் கூடி முடிவெடுத்து நாற்பது வருடமாகிறது. புதுக்காந்தம் என்ற பேச்சே கிடையாது. இருப்பதுதான் கைமாறிக் கைமாறிச் சுற்றிவர வேண்டும். முறை வரும்போது ஒரு வண்டி மோட்டாருக்கென்று ஆளுக்கு அறுநூறு கிராம் காந்தம். ஆள் போய்விட்டால், முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு அது சாலைக்குத் திரும்பிவிட வேண்டும். வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போகும்.

நேற்றுத்தான் சூசைக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தது. சூசை அவள் புருஷன்.

அவனுடைய ஆட்டோவின் மோட்டார் ஐந்தாம் தொட்டியில் கிடக்கிறது. இன்னும் எத்தனை நாள் ஊறினாலும் அது அவிழாது. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன் சூசை கேலியாகச் சொன்னான்: “ஏட்டி, உன் பாசிப்பசை கடல்தண்ணி பட்டு இளகிட்டுன்னா நான் நடுரோட்டுல நிக்கவா?” வெறும் கேலிதான். கொதிக்கும் நீருக்கல்லாமல் அந்தப் பசை எதற்கும் இளகாது என்று ஊர் ஊராகப் போய் விளக்கியவள் அவள். ஆனாலும் தன் புருஷன் என்றதும் அவளுக்கே அந்த நம்பிக்கை போதவில்லை. வெந்நீருக்கும் இளகாமல் கல்லாய் இறுகிவிடும் பழைய காலத்துக் கல்பசையை எங்கிருந்தோ தேடிப்பிடித்து, யாருக்கும் தெரியாமல் ஒட்டிக் கொடுத்துவிட்டாள். ஊருக்குத்தானே உபதேசம்!

வாசல் பெஞ்சில் பெனிட்டா உட்கார்ந்திருந்தாள். பேறுகாலம் பார்க்கும் நர்ஸ். இரண்டு வருடமாக ஐந்து குப்பங்களுக்கும் நடந்தே போகிறாள். போன மாதம் அவள் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் ஒரு குழந்தை இறந்துவிட்டது. காந்த வரிசையில் அடுத்த பெயர் அவளுடையது.

“எக்கா, அவுந்தாச்சா?”

‘பசை கெட்டுப்போச்சு, அடுத்த முறை பார்ப்போம்’ என்று சொன்னால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. பெனிட்டா இன்னும் இரண்டு வருடம் நடப்பாள். சூசையின் மோட்டார் ஒரு மூலையில் முழுசாக இருக்கும். அந்த ஆசை ஒரு நிமிடம் ஸ்டெல்லாவின் தொண்டைவரை வந்துவிட்டது.

“அவுறாது பிள்ள. நான்தான் கல்பசை வச்சு ஒட்டினேன்.”

“நீங்களா?”

“நானேதான். வெக்கங்கெட்டவ.”

பெனிட்டாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. “அப்போ எனக்கு?” என்றவளின் குரல் உடைந்தது.

ஸ்டெல்லா மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஹைட்ரஜன் அறைக்குப் போனாள். அந்த வாயு பட்டால் காந்தம் தானாகவே மாவாக உதிரும். சூசை மெல்ல மெல்ல உதிர்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுகை வந்தது, அழுதாள். கல்பசையில் சிக்கியது போக, தராசில் நானூற்றுப் பத்து கிராம்தான் தேறியது.

“நூத்தித் தொண்ணூறு குறையுதேக்கா. மணல்ல வண்டி இழுக்காதே.”

“என் ஸ்கூட்டர் எதுக்கு இருக்கு? அதுல எடுத்துக்கலாம்.”

“எடுத்தா மீதிய வச்சு உங்க வண்டி ஓடாதே!”

“ஓடாததை வச்சு நான் என்ன மாலையா கட்டிப் போடப்போறேன்? அதையும் வரிசையில சேத்துருவோம்.” அறிவிப்புப் பலகையில் ஐந்தாம் தொட்டிக்கு நேரே, ‘பிழை என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

ஸ்கூட்டர் காந்தத்தையும் அதே அறையில் உதிர்த்து, இரண்டு மாவையும் அவளே கலந்தாள். அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, காந்தமேற்றி, பாசிப்பசையால் ஒட்டி முடிக்க எட்டு நாளாயிற்று.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஸ்டெல்லா கறுப்பு மணலோரமாக நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு முனகல் கேட்டது. சூசையின் ஆட்டோ ஓசை இல்லை. அவள் ஸ்கூட்டர் ஓசையும் இல்லை. ஆனாலும் எப்போதோ கேட்டதுபோலவே இருந்தது.

“எக்கா, ஏறுங்க!” என்று பெனிட்டா புது மோட்டார் பூட்டிய தன் ஆட்டோவை நிறுத்தினாள். உள்ளே ஒரு பிள்ளைத்தாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு சாய்ந்திருந்தாள்.

“வலி கண்டிருக்கவள வச்சுக்கிட்டு என்ன பேச்சு? விடு வண்டிய!”

வண்டி போய்விட்டது. முனகல் தேய்ந்து அலையோசையில் கரையும்வரை ஸ்டெல்லா அங்கேயே நின்றாள். அந்த மோட்டாரை என்றைக்காவது வெந்நீரில் போட்டால் ஒழுங்காக அவிழும். உள்ளே கலந்து கிடக்கும் சூசையையும் அவளையும் பிரிக்கத்தான் இனி யாராலும் ஆகாது.